தில்லைநாயகிக்குப் பதில் தில்லைநாயகி

கோமளத்தைக் கொன்றுவிடலாம் என்பதுதான் முதல் யோசனை. மாடியிலிருந்து தள்ளுவதா, பாயசத்தில் விஷம் கலப்பதா என்று பல்லவம் டிவியின் ஏசி அறையில் ஒரு மதியம் முழுக்க விவாதித்தார்கள். விவாதித்தவர்களில் யாருக்கும் கோமளத்தின் மேல் கோபம் கிடையாது. 'கோடி வீட்டுக் கோமளம்' தொடரின் மாமியார் அவள். ஒன்பது வருடமாக மூன்று மருமகள்களை ஒரே அடுப்பில் வறுத்துக்கொண்டிருந்தாள். தமிழ்நாட்டில் பாதி வீடுகளில் இரவுச் சோறு தொண்டையில் இறங்கியதே அவளைத் திட்டிக்கொண்டுதான். அப்படிப்பட்டவளைக் கொல்ல வேண்டி வந்ததற்கு ஒரே காரணம், அவளாக நடித்த தில்லைநாயகி ஒரு மனுஷி என்பது. மனுஷி என்றால் விடிந்ததும் கார் அனுப்ப வேண்டும், மேக்கப்மேன் வேண்டும், மூட்டுவலிக்குச் சாய்வு நாற்காலி வேண்டும், இட்லிக்குக் காரச்சட்னி வேண்டும். பல்லவம் டிவியைப் புதிதாக வாங்கியிருந்த நோவாராவுக்கு இந்தக் காரச்சட்னி விஷயம் புரியவில்லை.

நோவாரா, உலகம் முழுக்க ஓடும் ஓடிடி. எந்த நாட்டுக் கம்பெனி என்று கேட்டால், எந்த நாட்டில் வரி குறைவு என்பதைப் பொறுத்துப் பதில் மாறும். அது தமிழுக்கு வந்தபோது உள்ளூர் சேனல்கள், 'வரட்டும், பார்த்துக்கலாம்' என்றன. பார்த்துக்கொண்டேதான் இருந்தன. முதலில் விளம்பரம் நின்றது, பிறகு சம்பளம் நின்றது, கடைசியாகக் கரண்ட் நின்றது. வளசரவாக்கத்தில் ஷூட்டிங் வீடுகளாக இருந்த பங்களாக்கள் பல் ஆஸ்பத்திரிகளாயின. எந்தப் படிக்கட்டில் மாமியார்கள் பின்னணி இசையோடு இறங்கி வந்தார்களோ, அதே படிக்கட்டில் இப்போது பல் பிடுங்கிக்கொண்டவர்கள் கன்னத்தைப் பிடித்தபடி இறங்கினார்கள். முகபாவம் ஏறக்குறைய அதேதான்.

"கொல்ல வேண்டாம்ங்க," என்றாள் ஹரிணி. நோவாராவின் சென்னைக் கிளைக்குத் தலைவி. கோயம்புத்தூர்க்காரி, கெட்ட செய்தியையும் பிறந்தநாள் வாழ்த்து மாதிரி சொல்லத் தெரிந்தவள். தில்லைநாயகியை எதிரே உட்கார வைத்து, கையைப் பிடித்துக்கொண்டு பேசினாள். "உங்களை நாங்க அப்படியே எடுத்து வெச்சுக்கறோம் மேம். முகம், குரல், நடை எல்லாத்தையும். அப்புறம் நீங்க ஷூட்டிங்குக்கே வர வேண்டியதில்லைங்க. வீட்ல ரெஸ்ட் எடுங்க. கோமளம் பாட்டுக்கு வந்துட்டிருப்பாங்க."

"நான் இல்லாமயா?"

"நீங்கதான் மேம். ஆனா நீங்க இல்லாம."

தில்லைநாயகி இந்த வாக்கியத்தை இரண்டு முறை மனதுக்குள் சொல்லிப் பார்த்தாள். ஒன்பது வருடமாகப் பேசிய வசனங்களில் எதுவும் இவ்வளவு நன்றாக இல்லை.

கையெழுத்துப் போட மாட்டேன் என்று எழுந்து போயிருக்கலாம். போனால் கோமளத்துக்குப் பாயசம் தயார். அதுகூடப் பரவாயில்லை என்று நினைத்திருப்பாள். ஆனால், 'வீட்ல ரெஸ்ட் எடுங்க' என்றதும் அவளுக்கு வளசரவாக்கம் மறந்துபோய் மெல்போர்ன் ஞாபகம் வந்தது. மெல்போர்னில் மகள் மதுரா இருந்தாள். பார்த்து இரண்டு வருடத்துக்கு மேல். போனில் பேசியும் அவ்வளவுதான்.

இரண்டு வருடத்துக்கு முன்னால், மதுராவுக்கு டாக்டர் பிரசவ நாள் குறித்திருந்த வாரம், இங்கே தொடரில் மகா சங்கமம். அதாவது, இரண்டு சீரியல் குடும்பங்கள் ஒரு வாரம் ஒரே வீட்டில் வந்து குவிந்து, ஒரு சீரியலின் பிரச்சினையை இன்னொரு சீரியலுக்குத் தொற்ற வைப்பது. அந்தச் சங்கமத்தில் கோமளத்தின் மகளுக்கு வளைகாப்பு. கோமளம் இல்லாமல் வளைகாப்பு இல்லை, வளைகாப்பு இல்லாமல் டிஆர்பி இல்லை. 'முடிச்ச கையோட பிளைட் ஏறிடறேண்டி' என்றாள் தில்லைநாயகி. குழந்தை டிஆர்பிக்குக் காத்திருக்கவில்லை. வயிற்றைக் கிழித்துத்தான் எடுத்தார்கள். மாப்பிள்ளைக்கு லீவு தீர்ந்துபோயிற்று. தனியாக ஆஸ்பத்திரிக் கட்டிலில், திரும்பிப் படுக்க முடியாமல் கிடந்த மதுரா, போனில் சீரியல் பார்த்தாள். அதில் அவள் அம்மா யாரோ ஒரு பெண்ணுக்குக் கை நிறைய வளையல் அடுக்கி, கன்னத்தில் சந்தனம் தடவி, "அம்மா இருக்கேண்டி உனக்கு" என்று சொன்னாள். மூன்று கோணங்களில், மூன்று முறை சொன்னாள்.

அதற்குப் பிறகு மதுரா போனை எடுக்கவில்லை. பேரன் ரித்விக்கின் படங்கள் மாப்பிள்ளையின் வாட்ஸாப்பில், கேஸ் புக்கிங் குறுஞ்செய்தி மாதிரி, உணர்ச்சியில்லாமல் வந்துகொண்டிருந்தன.

இனி ஷூட்டிங் கிடையாது என்றால் போகலாம். போய்க் காலில் விழுந்தாவது மன்னிப்புக் கேட்கலாம். தில்லைநாயகி பேனாவை எடுத்தாள். எடுத்தவள் ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்.

"கார்டு போடணும்."

"என்ன கார்டுங்க?"

"ஏம்மா, நீ சீரியலே பார்த்ததில்லையா? ஒரு ஆளை எடுத்துட்டு இன்னொரு ஆளைப் போட்டா, பழைய ஆள் போட்டோ ஒரு பக்கம், புது ஆள் போட்டோ ஒரு பக்கம் காட்டி, 'இவருக்குப் பதில் இவர்'னு போடுவோம். அதுதான் மரியாதை. நானே அப்படி வந்தவதான். எனக்கு முன்னாடி ஒரு மாசம் வேற ஒருத்தி கோமளமா இருந்தா. கார்டு போட்டுத்தான் என்னை வெச்சாங்க."

"அவங்க இப்ப எங்க இருக்காங்க?"

"யாருக்குத் தெரியும்? ஆனா அவளுக்குக் கார்டு போட்டாங்கல்ல, அது எல்லாருக்கும் தெரியும். என்னை எடுத்துட்டு என்னமோ ஒண்ணை வைக்கிறீங்க. ஜனங்ககிட்டச் சொல்லிட்டுச் செய்ங்க."

ஹரிணி தலைமை அலுவலகத்துக்கு எழுதினாள். அங்கே இதைப் படித்துவிட்டு ஆடிப்போய்விட்டார்கள். மற்ற நாடுகளில் ஒரு நடிகரை மாற்றினால் பார்வையாளர்கள் கோபித்துக்கொண்டு தொடரையே விட்டுப் போய்விடுவார்களாம். இங்கே மூன்று நொடி ஓர் அட்டையைக் காட்டினால், ஏழு கோடிப் பேர், 'சரி, இனிமே இவதான் அவ' என்று அடுத்த கவளத்தை உருட்டுகிறார்கள் என்பது அவர்களுக்கு நம்ப முடியாததாக இருந்தது. உலகத்திலேயே மலிவான தொழில்நுட்பம் என்று பாராட்டிப் பதில் வந்தது. அந்தப் பதிலின் அடியில் இன்னொரு வரியும் இருந்தது. அதை ஹரிணி தில்லைநாயகிக்குப் படித்துக்காட்டவில்லை.

கிண்டியில் ஒரு வெள்ளை அறைக்குள் நிறுத்திப் படம் பிடித்தார்கள். சிரிக்கச் சொன்னார்கள், அழச் சொன்னார்கள், கண்ணை உருட்டச் சொன்னார்கள், சாபம் விடச் சொன்னார்கள். எல்லாமே ஒரே டேக். கடைசியாக, "சும்மா நில்லுங்க மேம்," என்றார்கள். அது மட்டும் வரவில்லை. சும்மா நிற்பது எப்படி என்று அவள் பழகியிருக்கவில்லை. ஒரு மணி நேரம் முயன்றும் மூஞ்சி தானாக எதையாவது சதி செய்துகொண்டிருந்தது. "விடுங்க, சும்மா இருக்கறதை நாங்களே செஞ்சுக்கறோம்," என்றான் கேமராப் பையன்.

சொன்னபடி கார்டு போட்டார்கள். இடது பக்கம் தில்லைநாயகி. வலது பக்கமும் தில்லைநாயகி. நடுவில், 'இவருக்குப் பதில் இவர்'.

"என்னங்க இது, பிரிண்ட் மிஸ்டேக்கா?" என்று எதிர் ஃப்ளாட் லூர்துமேரி டீச்சர் கேட்டாள். ரிட்டயரான கணக்கு டீச்சர்; தப்பைக் கண்டால் சிவப்பில் வட்டம் போடாமல் தூக்கம் வராது. "ரெண்டு பக்கமும் உங்க போட்டோவே இருக்கு?"

"வலது பக்கம் இருக்கிறது நான் இல்ல டீச்சர்."

"நல்லாத்தான் இருந்துச்சு," என்று சமாதானம் சொல்லிவிட்டு டீச்சர் பால் பாக்கெட்டோடு உள்ளே போனாள்.

பத்திரிகைகளில் ஒரு வரிகூட வரவில்லை. இப்படிப்பட்ட செய்தியைப் போடுகிற சேனல்களும் ஏற்கெனவே மூடியிருந்தன. தில்லைநாயகி மெல்போர்னுக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுநாள் போட்டாள். அதற்கடுத்த வாரம் போட்டாள். கூப்பிடாமல் போய் நிற்க மெல்போர்ன் என்ன மதுராந்தகமா? அவள் வீட்டில் உட்கார்ந்து சீரியல் பார்க்க ஆரம்பித்தாள்.

சீரியலில் அவள் இருந்தாள். அவள் முந்தானையைச் செருகுகிற மாதிரியே செருகினாள். அவள் மாதிரியே வலது புருவத்தை மட்டும் தூக்கினாள். மூட்டுவலி மட்டும் இல்லை. கோமளம் படிக்கட்டில் குதிக்காத குறையாக ஏறி இறங்கினாள். தில்லைநாயகிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அடியே, மெதுவா ஏறுடி! ஐம்பத்தஞ்சு வயசு உனக்கு!" என்று டிவியைப் பார்த்துக் கத்தினாள். "அங்க எதுக்குடி சிரிக்கற? மருமக விழுந்து கிடக்கா, இப்பவா சிரிப்பு? நான் பார்வையிலயே முடிச்சிருப்பேனே! சனியனே, கண்ணைச் சிமிட்டு!"

தினமும் இதுதான். ஒருநாள் கோமளம் சாமி அறையில் தீபம் ஏற்றிவிட்டு, கேமராவைப் பார்த்து அழகாக, வலியே இல்லாமல், தரையிலிருந்து ஒரே மூச்சில் எழுந்தாள். தில்லைநாயகிக்குத் திட்டக்கூடத் தெம்பில்லை. ரொம்ப அமைதியாக, "நல்லா இரும்மா," என்றாள். "என் மூஞ்சியை வெச்சுக்கிட்டு நீ நல்லா இரு."

மறுநாள் இரவு தொடர் தொடங்குவதற்கு முன்னால் கார்டு வந்தது. இடது பக்கம் தில்லைநாயகி. வலது பக்கம் யாரோ ஒரு பெண். சப்பை மூக்கு, பெரிய மூக்குத்தி, புன்னகை. 'கோமளம்: இவருக்குப் பதில் இவர்.'

தட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்து, எதிர் ஃப்ளாட் மணியை அடித்தாள். டீச்சர் கதவைத் திறந்ததும், "என்னைத் தூக்கிட்டாங்க டீச்சர்," என்றாள்.

"எதிலேருந்து?"

"கோமளத்துலேருந்துதான். பார்க்கலையா? எவளோ சப்பை மூக்கி வந்திருக்கா."

"சப்பை மூக்கா? இப்பத்தானே பார்த்துட்டிருக்கேன். நீங்கதான் இருக்கீங்க. சின்ன மருமக மேல வெந்நீரைக் கொட்டிட்டீங்க. நானே உங்களை நாலு வார்த்தை கேட்டேன்." டீச்சர் விலகி வழிவிட்டாள். உள்ளே டிவியில் தில்லைநாயகி, காலி அண்டாவோடு, வலது புருவத்தைத் தூக்கிக்கொண்டு நின்றிருந்தாள்.

"எங்க வீட்ல இன்னைக்கு வெந்நீரே வரலையே," என்றாள் தில்லைநாயகி.

அப்போதுதான் இருவருக்கும் ஒன்று உறைத்தது. கொஞ்ச காலமாகவே அந்த அடுக்குமாடியில் யாரும் யாரிடமும் சீரியல் பேசுவதில்லை. முன்பெல்லாம் லிஃப்டுக்குள் ஒருவர், "நேத்து பார்த்தீங்களா?" என்று ஆரம்பித்தால் நாலாவது மாடி வருவதற்குள் கோமளத்துக்குத் தூக்குத் தண்டனையே கொடுத்துவிடுவார்கள். பிறகு, "நேத்து அவ அழுதாளே," என்று ஒருவர் சொல்ல, "எங்கங்க அழுதா, டான்ஸ் இல்ல ஆடினா?" என்று இன்னொருவர் சொல்ல, வயசாகிவிட்டது என்று ஒவ்வொருவரும் மற்றவரைப் பற்றி முடிவு செய்துகொண்டு பேச்சை விட்டுவிட்டார்கள். இப்போது லிஃப்டில் பொதுவாக மிஞ்சியிருந்த ஒரே கதை தண்ணீர் லாரி.

அடுத்த நாளே தில்லைநாயகி நோவாரா அலுவலகத்துக்குப் போனாள். ஹரிணி மீட்டிங்கில் இருந்தாள். பரணிதரன் இருந்தான். கோமளத்துக்கு ஆறு வருடம் வசனம் எழுதியவன். எந்த நேரமும் வெற்றிலைச் சிவப்பில் இருந்த அவன் வாய், கழுத்தில் அடையாள அட்டை தொங்கியதும் வெள்ளையாகிவிட்டிருந்தது. ஓடிவந்து காலைத் தொட்டுக் கும்பிட்டு, கேன்டீனுக்கு அழைத்துப்போனான்.

"இங்க என்ன எழுதறே?"

"எழுதறதெல்லாம் இல்லம்மா. எழுத்து அங்கிருந்தே வந்துடுது. உலகத்துக்கே ஒரே கதைதான். நம்ம கோமளம்தான் துருக்கியில ஒரு பேரு, பிரேசில்ல ஒரு பேரு. புடவையை மாத்தி, சாமியை மாத்தி, சாப்பாட்டை மாத்தி அந்தந்த ஊருக்கு விடறாங்க. மருமகளைப் படுத்தறதுல உலகமே ஒண்ணும்மா."

"அப்ப அந்த ஊர்ல நாடகம் எடுத்தவங்கெல்லாம்?"

"நம்மளை மாதிரிதான். பல் ஆஸ்பத்திரி வெச்சிருப்பாங்க."

"சரி, நீ என்னதான் பண்றே?"

பரணிதரன் கொஞ்சம் வெட்கப்பட்டான். "திட்டு பார்க்கறேன்."

"என்னது?"

"நம்ம ஜனங்க டிவியைப் பார்த்துத் திட்டுவாங்கல்ல, அதை டிவி கேக்குது. எந்தச் சீனுக்கு எந்த வீடு என்ன சொல்லுதுன்னு கேட்டு, அந்த வீட்டுக்கு மட்டும் அடுத்த நாள் கதையைத் திருப்பிக்குது. மத்த நாட்டுல ஜனங்க வாயை மூடிட்டுப் பார்க்கறாங்களாம். அங்க கண்ணைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்கணும். நம்ம ஆளுங்கதான் மனசுல இருக்கறதை அப்படியே டிவிகிட்டக் கொட்டறாங்க. வெள்ளைக்காரனுக்கு இது லாட்டரி. ஆனா அதுக்குத் திட்டு புரியல. 'நாசமாப் போறவளே'ன்னதும் பயந்துபோய் கேரக்டரைத் தூக்கிடுச்சு. அது பாசம்னு நான்தான் சொல்லிக்கொடுத்தேன். 'கட்டையில போறவளே'ன்னா, நாளைக்கும் கண்டிப்பா பார்ப்பாங்கன்னு அர்த்தம். 'சீ'ன்னு நீட்டினா ஒரு மார்க், வெட்டினா ஒரு மார்க்."

"அப்ப நிஜமாவே வேண்டாம்னா ஜனங்க என்ன சொல்லுவாங்க?"

"அதான்மா நான் கண்டுபிடிச்சதுலயே பெருசு." ஆறு வருடத்தில் எந்த வசனத்தைப் பற்றியும் அவன் இவ்வளவு பெருமையாகப் பேசியதில்லை. "கத்தவே மாட்டாங்க. மெதுவா, 'நல்லா இரும்மா'ம்பாங்க. நம்ம ஊர்ல அதுக்கு மேல சாபம் கிடையாது. அது ஒரு வீட்ல விழுந்துச்சுன்னா அந்த மூஞ்சி அந்த வீட்டுக்கு அவ்வளவுதான். கார்டுதான்."

தில்லைநாயகி காபியைக் கீழே வைத்தாள். பரணிதரன் அவள் முகத்தைப் பார்த்தான். பெருமை மெதுவாக வடிந்தது.

"விருகம்பாக்கத்துல ஒரு வீடு... நீங்களாம்மா அது? வீடு யாருதுன்னு எங்களுக்குக் காட்ட மாட்டாங்க. குரலையும் மாத்தித்தான் விடுவாங்க. நான்தான் மார்க் போட்டேன். இவ்ளோ அழுத்தமா ஒரு 'நல்லா இரு' கேட்டதே இல்லன்னு எல்லாரையும் கூப்பிட்டுக்கூடக் காட்டினேனே."

"தொழில்டா," என்றாள். பிறகு, "திட்டாத வீடும் இருக்கும்ல? அழுது பேசற வீடு?" என்றாள்.

"நிறைய இருக்கும்மா. முக்கியமா வெளிநாட்டுல. தனியா இருக்கறவங்க. அவங்க பேசினா கோமளம் பதில் சொல்லும். நேரா சொல்லாது, கதையோட கதையா சொல்லும். நீங்க நம்ப மாட்டீங்க, அங்கெல்லாம் கோமளம் ரொம்ப நல்லவங்க."

"மெல்போர்ன்ல?"

அவன் பேப்பர் கப்பைக் கசக்கினான்.

"பரணி, அங்க கார்டு போட்டாங்கதானே? என்னை எடுத்துட்டாங்கன்னு என் பொண்ணுக்குத் தெரியும்தானே?"

"வெளிநாட்டுக்குக் கார்டு கிடையாதும்மா. அங்க கார்டு போட்டா பார்க்கறவங்க விட்டுட்டுப் போயிடுவாங்கன்னு, தமிழ்நாட்டோட நிறுத்திக்கச் சொல்லி அன்னைக்கே மெயில் வந்துது." கடைசியில் அவன் தலையைத் தூக்கினான். "நீங்களே ஒரு போன் பண்ணிச் சொல்லிடலாமேம்மா?"

"அவ எடுத்தாத்தானேடா."

வீட்டுக்கு வந்ததும் போட்டாள். இந்த முறை மதுரா இரண்டாவது மணிக்கே எடுத்தாள்.

"அம்மா!"

அந்த ஒரு வார்த்தைக்குத் தில்லைநாயகி தயாராக இருக்கவில்லை. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு பால்கனியிலேயே உட்கார்ந்துவிட்டாள். மதியவெயில் முழங்காலில் அடித்தது.

"மதுரா... எப்படிம்மா இருக்கே?"

"நல்லா இருக்கேம்மா. நானே இந்த வாரம் கூப்பிடணும்னு இருந்தேன். அதுக்குள்ள நீ கூப்பிட்டுட்டே. சாப்டியா? முட்டி எப்படி இருக்கு? இப்பெல்லாம் நல்லா ஏறி இறங்கறியே. ஆயுர்வேதமா?"

"இல்லடி..." அவள் ஆரம்பித்தாள். இரண்டு வருடமாக ஒத்திகை பார்த்தது. நாக்கு வரைக்கும் வந்து வந்து போனது. "மதுரா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். அன்னைக்கு நான்... உன்னைத் தனியா விட்டுட்டு... அம்மாவை நீ..." அதற்குள் அழுகை முட்டிக்கொண்டு வந்து, வார்த்தையெல்லாம் மூக்கில் மாட்டிக்கொண்டது.

"ஐயோ, அம்மா, அழாதே. எதுக்கு திரும்பத் திரும்ப? அதான் சொல்லிட்டியே."

"என்ன சொன்னேன்?"

"சாமி ரூம் சீன்ல. தீபம் ஏத்திட்டு கேமராவைப் பார்த்துச் சொன்னியே. 'எந்த வீட்டு வளைகாப்புல நான் நின்னேன், எந்த வீட்டு வாசல்ல நான் நிக்கல'ன்னு. கதைக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. எனக்குப் புரிஞ்சுடுச்சும்மா, எனக்காகத்தான் வெச்சேன்னு. அன்னைக்கு முழுக்க அழுதேன். டைரக்டர்கிட்டச் சண்டை போட்டா அந்த வசனத்தை வெச்சே?"

தில்லைநாயகி வெயிலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் வீட்டு டிவியில் அந்தக் காட்சியில் கோமளம் எதுவும் சொல்லவில்லை. ஒரே மூச்சில் எழுந்தாள், அவ்வளவுதான். அதற்குத்தான் அவள் 'நல்லா இரு' என்றாள்.

"அம்மா? சண்டை போட்டியா?"

"போட்டேன்," என்றாள்.

"எனக்குத் தெரியும். ஆனா இப்ப மாதிரி மூக்கை உறிஞ்சிட்டுச் சொல்லாம, அதுல எவ்ளோ சிம்பிளா சொன்னே தெரியுமா? சத்தியமா சொல்றேம்மா, உன் கெரியர்லயே பெஸ்ட் அதுதான்." சிரித்தாள். இரண்டு வருடத்துக்கு அப்புறம் கேட்கிற சிரிப்பு. "இரு, வீடியோ போடறேன். ரித்விக்கைப் பாரு."

திரையில் பேரன் வந்தான். மாப்பிள்ளையின் காது, மதுராவின் வாய். தில்லைநாயகி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "தங்கம், பாட்டிடா," என்றாள். அவன் ஒரு கணம் உற்றுப் பார்த்தான். நரைத்த தலை, பவுடரில்லாத கன்னம், அழுது சிவந்த மூக்கு. வீறிட்டு அம்மாவின் கழுத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு, கையை மட்டும் பின்னால் நீட்டினான். அந்தப் பக்கம் சுவரில் டிவி இருந்தது.

"பாட்டி அங்க," என்றான்.

மதுராவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "மேக்கப் இல்லாம அவனுக்கு உன்னை அடையாளம் தெரியலம்மா! டெய்லி அந்த டிவிகிட்டப் போய் முத்தம் குடுப்பான். நீயும் கரெக்டா அந்த நேரத்துக்குச் சிரிப்பே... சரிம்மா, இங்க எபிசோட் வந்துடுச்சு. பார்த்துட்டுக் கூப்பிடறேன். உன்னைப் பார்த்துட்டு."

போன் அணைந்தது.

பால்கனியில் வெயில் நகர்ந்து முழங்காலை விட்டு இறங்கியது. தில்லைநாயகி அசையவில்லை. திரும்பக் கூப்பிடும்போது சொல்லிவிட வேண்டும். அது நான் இல்லடி. நான் நடித்து மாசக்கணக்காகிறது. நீ அழுததற்கு யாரோ கணக்குப் போட்டுப் பதில் செய்து அனுப்பியிருக்கிறார்கள். இதில் என்ன கஷ்டம், இதைவிட நீளமான வசனமெல்லாம் மூச்சு விடாமல் பேசியவள் அவள். சொன்னால் மதுரா நம்புவாள். நம்பினால், அந்தச் சாமி அறை மன்னிப்பும் இல்லையென்றாகும். சொல்லப்படாத மன்னிப்புக்கு, எடுக்கப்படாத போன். திரும்பவும் கேஸ் புக்கிங் மாதிரி படங்கள். சரி, அதற்கென்ன செய்வது, அப்புறம் நிஜமாக மன்னிப்புக் கேட்டுக்கொள்ளலாம். எப்படிக் கேட்பது? சிம்பிளாகக் கேட்க வேண்டும். சிம்பிளாக எப்படிக் கேட்டாள் அவள்? பரணிக்குப் போன் போட்டாள்.

"அந்த மெல்போர்ன் வீட்டு சாமி ரூம் சீன் ஒண்ணு இருக்காம். அனுப்புடா. நான் எப்படிச் சொன்னேன்னு ஒரு தடவை பார்க்கணும்."

"அது முடியாதும்மா," என்றான் பரணிதரன். "அது அவங்க வீட்டு எபிசோட். அவங்களைத் தவிர யாரும் பார்க்கக்கூடாது. பிரைவசிம்மா."

போனை வைத்தாள். எப்படியும் சொல்லிவிடுவது என்றே முடிவு செய்தாள். குழந்தை டிவிக்கு முத்தம் கொடுக்கிறான். போதாதா? எழுந்து முகம் கழுவினாள். பழக்கதோஷத்தில் பொட்டைப் பெரிதாக வைத்துக்கொண்டாள். கண்ணாடி முன்னால் ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள்: "மதுரா, அது அம்மா இல்லடி." நன்றாகத்தான் வந்தது.

போன் அடித்தது. எடுத்தவுடனே மதுராவின் குரல், மூக்கடைத்து, நனைந்து, குழந்தையாட்டம் வந்தது.

"அம்மா... சரிம்மா. நீ கேட்டதுக்கு நான் சரின்னு சொல்றேன்."

"என்ன கேட்டேன்?"

"விளையாடாதம்மா. இப்பத்தானே கேட்டே. பேரப்பிள்ளை தூங்கறதைக்கூட ஒருநாள் பக்கத்துல இருந்து பார்க்கக் குடுத்துவைக்கலையேன்னு. அதைக் கேட்டுட்டு எப்படிம்மா சும்மா இருக்க முடியும்? எபிசோட் முடிஞ்சதுமே நோவாராலேருந்து ஆஃபர் வந்துது, குழந்தைங்க ரூமுக்குன்னே ஒரு ஸ்கிரீன். ராத்திரி பூரா ஓடுமாம். இவரும் ஓகே சொல்லிட்டாரு. நாளைக்கே வந்து ரித்விக் ரூம்ல மாட்டறாங்க. இனிமே நீ அவன்கூடவே இருக்கலாம். சந்தோஷமா?"

தில்லைநாயகி வாயைத் திறந்தாள். வாக்கியம் தயாராக இருந்தது. அந்தப் பக்கம் மதுரா மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். இரண்டு வருடம் எடுக்காத போனைக் காதில் ஒட்டிவைத்துக்கொண்டு, அம்மா சந்தோஷப்படுவதற்காகக் காத்திருந்தாள்.

"அம்மா? இருக்கியா?"

"இருக்கேண்டி," என்றாள் தில்லைநாயகி. கொஞ்சம் பொறுத்து, "கட்டிலுக்கு ரொம்பக் கிட்ட மாட்டாதே," என்றாள். "குழந்தைக்குக் கண்ணு கெட்டுடும்."